புழு மனை கட்டப் போகிறவர்கள் கூரையிலிருந்து யோசியுங்கள்

பட்டுப்புழு வளர்க்க மனை கட்டப் போகிறேன் என்று சொன்னால் நீளம், அகலம், செலவு பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மே மாத மதியத்தில் அந்த மனைக்குள் காற்று எந்த வழியாக வரும், சூடு எந்த வழியாகப் போகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமல் போனதால் வரிசையாக இரண்டு வளர்ப்பு கெட்டது, கட்டிய மனையை உடைத்துத் திருத்த வேண்டி வந்தது, நகையில் பாதி இன்னும் அடகில் இருக்கிறது. அடித்தளம் தோண்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அதில் ஒரு ஏக்கரில் வி1 ரக மல்பெரி நட்டோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அத்தைக்கு முட்டிவலி. ஆக, தழை வெட்டுவது முதல் மனை கட்டுவது வரை என் பொறுப்பு. செடி நன்றாக வந்துவிட்டது. தழை வீணாகிறதே என்ற அவசரத்தில் நகையை வைத்துக் கிட்டத்தட்ட 3 லட்சம் புரட்டி, நாங்களே ஷெட் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினோம். இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புழு வளர்ப்பு மனைக்குப் பட்டு வளர்ச்சித் துறை மானியம் தருகிறது. தொகையும் சதுர அடிக் கணக்கும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே அலுவலகத்தில் போய்ப் பேசிப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் போய் நின்றால் கையை விரிப்பார்கள். பணத்தைவிட அதில் இன்னொரு லாபமும் உண்டு. அவர்கள் ஒரு வரைபடம் தருவார்கள், இடத்தை வந்து பார்ப்பார்கள். அந்த வரைபடம் கையில் இருந்திருந்தாலே எனக்குப் பாதி நஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

கட்டியவர் நல்ல வேலைக்காரர். ஆனால் மாட்டுக் கொட்டகையும் குடோனும் கட்டிப் பழகியவர். 40க்கு 20 அடி, ஹாலோ பிளாக் சுவர், ஓரத்தில் 9 அடி உயரம், மேலே தகர ஷீட். "இதுக்கு மேல உயரம் எதுக்கும்மா, பிளாக்கு செலவுதான் கூடும்" என்றார். வாசலும் நீளப் பக்கமும் ரோட்டைப் பார்த்து இருந்தால் தழை வண்டி வர வசதி என்று, நீளச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் வருகிற மாதிரி வைத்தார். ஆளுயரத்தில் ஆறு ஜன்னல். தரை மழமழவென்று சிமெண்ட், உள்ளும் புறமும் பூச்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பணத்தில் பெரும்பகுதி பூச்சுக்கும் தரைக்கும் போனது. கூரைக்கு மிஞ்சியது தகரத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது.

புழு மனைக்கு அகலப் பக்கத்துச் சின்னச் சுவர்தான் கிழக்கையும் மேற்கையும் பார்க்க வேண்டும். நீளச் சுவர் வடக்கையும் தெற்கையும் பார்த்து இருந்தால் சாயங்கால வெயில் சின்னச் சுவரில் மட்டும் விழும். எங்கள் மனையில் மதியம் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும் வரை 40 அடிச் சுவர் முழுக்க வெயிலைக் குடிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். இதை இனி திருப்ப முடியாது. கட்டடத்தில் மற்றதையெல்லாம் எப்படியாவது சரி செய்துகொள்ளலாம், திசையை மட்டும் முடியாது. அதனால் கயிறு பிடித்துக் குறி போடும் நாளிலேயே நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

முதல் வளர்ப்புக்கு 150 முட்டைத் தொகுதிக்கான வெள்ளைக்கூட்டுப் புழு எடுத்தோம். முட்டையிலிருந்து நாங்களே வளர்க்கவில்லை. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த இளம்புழுவை, முட்டை பொரித்து வளர்த்துத் தருகிற சாக்கி சென்டரில் வாங்கினோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படித்தான் வாங்க வேண்டும். ஒரு தொகுதியில் 400, 500 முட்டை இருக்கும். ஆக, வந்து இறங்கியது அறுபது எழுபதாயிரம் உயிர். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பதைப் பருவம் என்போம், ஐந்தாவதுதான் கடைசி. மூன்றாம் பருவம் நன்றாகப் போனது, நான்காவதும் அப்படியே. மொத்தத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்னும் என்பதால் கூலிக்கு இரண்டு பேரை வைத்துத் தண்டோடு வெட்டிப் போட்டோம். அது ஏப்ரல் கடைசி.

ஐந்தாம் பருவத்துக்கு 24, 25 டிகிரி போதும், ஈரப்பதம் 65லிருந்து 70 வரை இருக்கலாம் என்பார்கள். வாசல் பக்கம் மாட்டியிருந்த வெப்பமானி 33 காட்டியது. ஏப்ரலில் வெளியிலேயே 37, 38 அடிக்கும்போது இது பரவாயில்லை என்றுதான் தோன்றியது. மேல் தட்டுப் புழு மட்டும் தழையைத் தொடாமல் கிடக்கிறதே என்று அதே வெப்பமானியை எடுத்து மேல் தட்டில் வைத்தேன். 37. கீழ்த் தட்டில் 32. எங்கள் ஸ்டாண்டு நாலு தட்டு, மேல் தட்டு ஏழடி உயரத்தில். தகரத்துக்கும் புழுவுக்கும் நடுவில் இரண்டே அடி. வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று என்று புழு இருக்கிற இடத்தில் வையுங்கள். இரண்டும் சேர்த்து முந்நூறு ரூபாய்கூட ஆகாது.

ஈரச் சாக்கு கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அனல்காற்று வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினோம். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் நிலைமை இன்னும் மோசமானது. ஈரச் சாக்கின் வழியாகக் காற்று நுழைந்து வந்தால்தான் குளிர்ச்சி. காற்றே ஓடாத அறையில் அது வெறும் புழுக்கம்தான். புழுவின் எச்சமும் மிச்சத் தழையும் ஏற்கெனவே ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் புழு கிடக்கும் தழைப் படுக்கையிலிருந்து புளித்த வாடை அடித்தது. அன்றைக்குத்தான் தட்டின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த புழுக்களைக் கவனித்தேன். நல்ல புழு தழையை விட்டு ஓரத்துக்கு வராது. இவை நிலைகொள்ளாமல் அலைந்தன. உடம்பு கணுக்கணுவாக வீங்கி, தோல் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது. ஒன்றை எடுத்தபோது விரல் பட்டதுமே தோல் கிழிந்து பால் மாதிரி வழிந்தது. அந்தப் பால் விழுந்த தழையைத் தின்கிற புழுவுக்கும் நோய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் பால்புழு நோய். வைரஸால் வருவது. கிருமி எப்போதும் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும், சூட்டில் புழு சோர்ந்து போனால் ஏறிக்கொள்ளும்.

பென்னாகரம் பக்கத்தில் பல வருடமாகப் புழு வளர்க்கிற ஒரு அக்காவை வரச் சொன்னேன். வாசலைத் தாண்டியதுமே நின்றுவிட்டார். "ஏம்மா, எனக்கே உள்ள வந்தா மூச்சு முட்டுது. இதுக்குள்ள அதுங்களுக்கு எப்பிடிம்மா இருக்கும்?" என்றார். அவரே உட்கார்ந்து சீக்குப் புழுவைக் குச்சியால் பொறுக்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டார். பக்கத்து வீட்டில் கோழிக்குக் கேட்டார்கள். கொடுக்க விடவில்லை. கோழி தின்றால் எச்சத்தோடு கிருமி தோட்டம் முழுக்கப் போகும் என்றார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கூடை கூடையாகப் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன், அதை மறைப்பதற்கில்லை. நூறு கிலோவுக்குக் குறையாது என்று நினைத்திருந்த கூடு 28 கிலோ வந்தது. அதுவும் மெல்லிய கூடு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் அன்றைக்கு நல்ல கூடு கிலோ 500 ரூபாயைத் தாண்டிப் போனது. எங்களுடையது 340க்குப் போனது. கைக்கு வந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம். புழு விலை, தழைக் கூலி, மருந்து என்று போட்டது அதைப் போல இரண்டு மடங்கு.

அப்புறம் அந்த அக்கா சொன்னபடி மனையைத் திருத்தினேன். சுவரில் தரையை ஒட்டி, நீளப் பக்கம் இரண்டிலும் ஐந்தடிக்கு ஒன்றாகப் பிளாக்கை உடைத்து எடுத்தோம். கூரைக்குக் கீழேயும் அதே மாதிரி துவாரம் விட்டோம். சூடான காற்று மேலேறும். அது வெளியேற மேலே வழி வேண்டும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று நுழைய கீழே வழி வேண்டும். ஆளுயர ஜன்னல் மட்டும் இருந்தால் இரண்டும் நடக்காது. தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, தென்னங்கீற்றைப் பரப்பிக் கம்பியால் கட்டினோம். முகட்டில் பழைய சொட்டுநீர்க் குழாயை ஓட்டித் துளையிட்டு, மதியம் மோட்டார் ஓடும் நேரத்தில் தண்ணீர் வழிய விட்டோம். மேற்குச் சுவருக்கு வெளியே ஐந்தடிக்குக் கீற்றுத் தாழ்வாரம் இறக்கினோம். ஸ்டாண்டில் மேல் தட்டைக் கழற்றிவிட்டோம். மூன்று தட்டிலேயே 900 சதுர அடி படுக்கை கிடைக்கிறது, 150 தொகுதிக்கு அது போதும். எல்லாம் சேர்த்து 35,000 ஆனது. மறு கோடையில் மேல் தட்டில் 30ஐத் தாண்டவில்லை. முதலிலேயே ஓரத்தில் 11 அடி, நடுவில் 14 அடி என்று உயர்த்தி, பூச்சு வேலையைத் தள்ளிப் போட்டிருந்தால் இந்தச் செலவில் பாதி வந்திருக்காது.

கீற்றைக் கூரைக்கு வெளியே போடுங்கள், உள்ளே வேண்டாம். உள்கூரையாகக் கட்டினால் எலியும் பல்லியும் குடிவரும், மருந்தடிக்கும்போது ஓலை இடுக்கில் கிருமி தப்பித்துக்கொள்ளும். இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், துவாரம் எல்லாவற்றுக்கும் மூடி வையுங்கள். ஒரு வளர்ப்பு முடிந்ததும் மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடரும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த தண்ணீரோ குளோரின் டை ஆக்சைடோ அடித்து, ஒரு நாளாவது இறுக்கமாகச் சாத்தி வைக்க வேண்டும். காற்றுக்காகத் திறக்கவும் வேண்டும், மருந்துக்காக அடைக்கவும் வேண்டும். நான் ஒவ்வொரு துவாரத்துக்கும் பிளைவுட் துண்டை வெட்டிக் கீல் போட்டு மாட்டியிருக்கிறேன்.

சூடு அடங்கியது என்று ஆவணியில் அடுத்த வளர்ப்பை எடுத்தேன். புழு அருமையாக வந்தது, நோய் என்று ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் பருவத்தின் நடுவில் சில புழுக்களின் உடம்பில் மிளகில் கால்வாசி அளவுக்குக் கருப்புப் புள்ளி தெரிந்தது. தழைக் குச்சி கீறியிருக்கும் என்று அத்தை சொன்னார். அது ஊசி ஈ.

இந்த ஈயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்து, பிறகு நம் பக்கமும் பரவியது. பார்க்க வீட்டு ஈ மாதிரிதான், கொஞ்சம் பெரியது, முதுகில் கருப்புக் கோடுகள் இருக்கும். புழுவின் மேல் ஒன்றிரண்டு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெண்மையாகக் குண்டூசித் தலை அளவில் இருக்கும் அந்த முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஈயின் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நான் பார்த்த கருப்புப் புள்ளி அது நுழைந்த வடு. உள்ளே ஒரு வாரம் போலத் தின்று வளர்ந்து வெளியே வரும். நான்காம் பருவத்திலோ ஐந்தாவதின் தொடக்கத்திலோ முட்டை வைத்தால் பட்டுப்புழு கூடு கட்டாமலே சாகும். கடைசியில் வைத்தால் புழு பழுத்து, கூடு கட்ட விடுகிற நெட்ரிக்காத் தட்டில் ஏறி, கூடும் கட்டிவிடும். அதன் பிறகு ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே விழும். துளை விழுந்த கூட்டில் இழை அறுந்து அறுந்து வரும், நூல் எடுக்க முடியாது. அங்காடியில் மூட்டையைப் பிரித்தபோது அடியில் வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தன. ஏலத்துக்கு வந்தவர்கள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்கள். 70 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு துளைக்கூடு, அதைக் கழிவு விலைக்குத்தான் தள்ள முடிந்தது.

ஜன்னலுக்கும் துவாரத்துக்கும் வலை அடித்திருந்தேன். அப்படியிருந்தும் எப்படி வந்தது என்று வீட்டுக்காரர் வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பார்த்தோம். சுவரின் தலையில் வரிசையாகப் பிறை பிறையாக வெளிச்சம். தகர ஷீட் நெளிநெளியாக இருக்கிறது, சுவர் மட்டமாக இருக்கிறது, ஒவ்வொரு நெளிவுக்கும் கீழே விரல் நுழைகிற சந்து. அந்தச் சந்தைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்வார்கள். அடைக்காதீர்கள், சூடு வெளியேற அதுவும் ஒரு வழி. நைலான் வலையைச் சுருட்டிச் சந்து முழுக்கத் திணித்துச் சட்டம் வைத்து அடித்தோம். கட்டி முடித்ததும் பகலில் கதவைச் சாத்தி உள்ளே இருட்டில் நின்று பாருங்கள். வலை இல்லாத இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஈ வரும்.

பெரிய வழி கதவுதான். தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நுழையும்போது கதவு அரை நிமிடமாவது திறந்திருக்கும், கட்டோடு சேர்ந்தே ஈயும் வரும். அதனால் வாசலுக்கு முன்னால் எட்டடிக்கு எட்டடி ஒரு முன்னறை கட்டாயம் வேண்டும். முழுக்க வலை, இரண்டு கதவு, ஒன்றைச் சாத்தின பிறகுதான் இன்னொன்று. தழைக்கட்டை அங்கேயே உதறிவிட்டு உள்ளே கொண்டு போகலாம். கால் நனைக்கப் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி, கை கழுவ சோப்பு எல்லாம் அங்கேதான். சவுக்குக் கம்பும் வலையும் வைத்து நாங்களே போட்டோம், 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஊசி ஈயை இழுக்கும் வில்லைகளைத் தண்ணீரில் கரைத்து ஜன்னலுக்கு உள்ளும் புறமும் தட்டில் வைக்கலாம். நெசோலிங்க்ஸ் என்ற ஒரு குட்டிக் குளவி இருக்கிறது, இந்த ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டை வைத்து அதை அழிக்கும். பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். கூடு கட்டி முடியும் நாட்களில் விடியற்காலையில் தரையில் விழுந்து கிடக்கும் ஈயின் புழுக்களைப் பெருக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். விட்டால் தரை விரிசலில் புகுந்து அடுத்த வளர்ப்புக்கு ஈயாகக் கிளம்பும். தரையை மழமழவென்று போட்டது இதற்கு உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வழவழப்பு தேவையில்லை, விரிசல் இல்லாமல் இருந்தால் போதும்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் சில உண்டு. ஸ்டாண்டின் காலுக்கு கிரீஸ் தடவுங்கள், அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. எறும்புப் பொடி வேண்டவே வேண்டாம், எறும்புக்கு முன்னால் புழு சாகும். கொசுவர்த்தியும் அப்படியே. புகையிலை போடுகிறவர்களைத் தழை தொட விடாதீர்கள். எங்கள் பக்கம் தக்காளித் தோட்டம் அதிகம், வாரா வாரம் மருந்து அடிப்பார்கள். காற்று அடிக்கிற பக்கம் அப்படி ஒரு தோட்டம் இருந்தால் அந்த ஓரத்து மல்பெரியைப் புழுவுக்குப் போடாமல் விடுங்கள். மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன், தவறாமல் சொல்கிறார்.

இப்போது 150 தொகுதிக்கு நூறு கிலோவுக்குக் குறையாமல் எடுக்கிறோம், நல்ல சமயத்தில் 115 வரை வந்திருக்கிறது. நகையில் பாதி மீட்டாகிவிட்டது. மேற்குச் சுவரின் சூடு மட்டும் இன்றைக்கும் தொல்லைதான், தாழ்வாரத்துக்கு வெளியே அகத்தி நட்டிருக்கிறோம். கட்டுவதற்கு முன்னால் இரண்டு மூன்று மனைகளைப் போய்ப் பார்க்கத்தான் போவீர்கள். மார்கழியில் காலை நேரத்தில் போகாதீர்கள், அப்போது எல்லா மனையும் குளுகுளுவென்றுதான் இருக்கும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, ஐந்தாம் பருவப் புழு ஓடுகிற மனையாகக் கேட்டுப் போங்கள். உங்கள் வெப்பமானியைக் கையோடு எடுத்துப் போய் மேல் தட்டில் வைத்து அரை மணி நேரம் அங்கேயே நின்று பாருங்கள். 30க்குக் கீழே இருந்தால் அந்த மனையின் கூரையையும் துவாரங்களையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். யார் கட்டினார்கள் என்று கேட்டு, முடிந்தால் அந்த மேஸ்திரியையே கூப்பிடுங்கள்.